அடியில் எழுத்தில்லாதது

புளியரை சோதனைச் சாவடியில்
இரவு பதினொன்றேகாலுக்கு ஜீப் என்னை இறக்கிவிட்டது.
கடைவாய்ப் பல்லுக்கிடையில் கிராம்பு.
மேற்கிலிருந்து சாரல், வளைவுகளில் முனகும் லாரிகள்,
மேசைமேல் ஒரு தையல் மிஷினின் இழுப்பறை.

புனலூரிலிருந்து வந்த பழைய இரும்பு லோடு.
ஓட்டுநர் ஷிஹாப் பெஞ்சில் நனைந்து உட்கார்ந்து
"ஞான் அறிஞ்ஞில்லா சாரே" என்று
வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்,
டீ கொண்டுவந்த பையனிடமும்.

பாபின்கள், துருவேறிய ஊசிகள், தேய்ந்த சாக்கட்டி,
அவற்றுக்கிடையே ஐந்து தோட்டாக்கள்.
ஏட்டு பூதலிங்கம் ஏற்கெனவே பேனாவைத் திறந்திருந்தார்.
"நயன் எம்எம்தானே மேடம், எழுதிரலாமா?"
"எழுதாதீங்க."

ஒன்பது என்றால் தூண் மாதிரி நேராக நிற்கும்.
இதற்குத் தோள் இருந்தது,
தோளுக்குமேல் குட்டைக் கழுத்து,
காதுக்கு ஊற்றும் மருந்துக் குப்பிபோல.
காலிப்பரின் தாடைக்குள் வைத்தேன்.
குண்டு எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே.
கூடு இருபத்தொன்றரை, கொஞ்சம் கூடலாம்.
விளிம்பு உடம்பைத் தாண்டி
மயிரிழைதான் வெளியே வந்தது;
ரிவால்வரில் போட்டால் பிடிமானம் போதாது.
காந்தம் காட்டினேன், அசையவில்லை.

கவிழ்த்தேன்.
தோட்டாவின் ஜாதகம் அடியில் இருக்கும்.
கிர்க்கியில் பிறந்திருந்தால் ஒரு 'கே', பக்கத்தில் ஆண்டு.
இதில் ஒன்றுமில்லை.
வழவழவென்ற பித்தளை,
தலை குத்த மறந்த காசு.

எழுத்துப் போடாமல், இந்தத் தோளோடு, இந்த அளவில்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
"நம்பு" என்றேன்.
பூதலிங்கம் நிமிர்ந்தார்.
"நம்புறேன் மேடம். பேரைச் சொல்லுங்க."
"அதான் பேரு. எட்டு எம்எம் நம்பு.
ஜப்பான் பட்டாளத்துக் கைத்துப்பாக்கிக்குப் போடுறது."
"நம்புங்கிறது பேரா?" என்று
இரண்டு முறை கேட்டுவிட்டு எழுதினார்.

பர்மாவோ மலேயாவோ,
யார் பெட்டியில் கப்பலேறி வந்ததோ.

ஆரியங்காவு எஸ்.ஐ. போனில்:
வண்டி எங்கள் எல்லை கடந்தாயிற்று, கேஸ் உங்களுடையது.
எங்கள் இன்ஸ்பெக்டர்:
சரக்கு அங்கே ஏறியது, கேஸ் அவர்களுடையது.
இந்தப் பித்தளையை வார்த்த நாளில்
செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது.
மேசைமேல் கிடந்ததைவிட
அவர்கள் சண்டையிட்ட கோடு இளையது.
எனக்குப் பல் வலித்தது, சொல்லவில்லை.

இழுப்பறையைத் திரும்பக் கொடுக்கும்போதுதான்
பின்பலகையில் விரல் தட்டியது:
ரவிக்கை உள்துணியில் சுருட்டி,
வாயை மூடித் தைத்த ஒரு சின்னப் பொட்டலம்.
பிளேடால் பிரித்தேன். ஆறாவது.

அதே தோள், அதே கழுத்து.
அடியில் மட்டும், நடுப்பொட்டில், ஒரு குழி.
ஊசி குத்தியிருக்கிறது. மருந்து எழும்பவில்லை.

யாரோ விசையை இழுத்திருக்கிறார்கள்.
எதிரே யாரோ இருந்திருக்கிறார்கள்,
அல்லது இழுத்தவரேதான் எதிரே.
டிக் என்று ஒரு சத்தம் மட்டும்.
அதன்பிறகு மூச்சு விட்டிருப்பார்கள்,
தண்ணீர் குடித்திருப்பார்கள்,
பிறகு எந்த வருஷத்திலோ ஒரு கை
நூல் கோத்து உட்கார்ந்திருக்கிறது.
அவசரமே இல்லாத தையல்,
அரிசி பதித்ததுபோல் நெருக்கம்.

ஷிஹாபிடம் கேட்டேன், மிஷின் யாருடையது.
ஏலத்தில் எடுத்த வீடு, ஆள் யாரும் இல்லை என்றார்.

படிவத்தில் கட்டங்கள்: வகை, அளவு, எண்ணிக்கை, நிலை.
லைவ் ஐந்து.
குத்து விழுந்து வெடிக்காதது ஒன்று.
பிழைத்த ஆளுக்குக் கட்டமில்லை.

விதிப்படி
துணியில் பொதிந்து, தைத்து, அரக்கு வைக்க வேண்டும்.
பூதலிங்கம் நாக்கைத் துருத்திக்கொண்டு
கோணி தைக்கிற மாதிரி விரலகல இழைகள் போட்டார்.
"போதுமா மேடம்?"
பிரித்த பழைய துணி
இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது.
"பிரிச்சிட்டு நெருக்கமாப் போடுங்க" என்றேன்.